கலப்புத் திட்டங்களில் தரவுவகைச் சரிபார்ப்பு

கலப்புத் திட்டங்களில் தரவுவகைச் சரிபார்ப்பு என்பது, ஜாவாஸ்கிரிப்ட், டைப்ஸ்கிரிப்ட் ஆகிய இரு நிரல்மொழிகளிலும் அமைந்த கோப்புகளைக் கொண்ட மென்பொருளில், மதிப்புகள் உரிய வகையில் கையாளப்படுகின்றனவா என்பதை நிரல் இயங்குமுன்பே உரைத்தொகுப்பியின் துணையுடன் ஆராய்வதாகும். டைப்ஸ்கிரிப்டை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2012 அக்டோபரில் வெளியிட்டது.

தேவை

ஜாவாஸ்கிரிப்டில் ஒரே மாறி எண்ணையும் ஏற்கும். எழுத்துச் சரத்தையும் ஏற்கும். எடுத்துக்காட்டாக, சிவகாசியிலுள்ள பட்டாசுக் கிடங்கு ஒன்றின் இருப்புக் கணக்கு நிரலைக் கொள்வோம். வெடிபொருள் விதிகள், 2008-இன்படி உரிமத்தில் குறித்த அளவுக்கு மேல் பட்டாசு இருப்பு வைத்தல் கூடாது. உரிம அளவு 900 கிலோ, இருப்பு 1500 கிலோ எனில் நிரல் எச்சரிக்க வேண்டும். ஆனால் வலைப்பக்க உள்ளீட்டுப் பெட்டியின் மதிப்பு சரமாகவே கிடைக்கும். சரங்கள் முதல் எழுத்திலிருந்து ஒப்பிடப்படுவதால், 1500 என்ற சரம் 900 என்ற சரத்தைவிடச் சிறியதாகிவிடும். எச்சரிக்கை தோன்றாது, நிரலும் நிற்காது.

ஒப்பிடும் செயற்கூறு எண்களை மட்டுமே ஏற்கும் என டைப்ஸ்கிரிப்டில் அறிவித்திருந்தாலும், அதனை அழைக்கும் ஜாவாஸ்கிரிப்ட் கோப்பு சரிபார்க்கப்படாவிடில் இப்பிழை தப்பிவிடும்.

அமைக்கும் முறை

திட்டத்தின் மூல அடைவில் டிஎஸ்கான்ஃபிக்.ஜேசன் என்னும் கோப்பு இடப்படும். அதிலுள்ள இரு தெரிவுகள் முக்கியமானவை:

* அலவ்ஜேஎஸ்: ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகளைத் திட்டத்தில் சேர்க்கும். 2016-இல் 1.8 பதிப்பில் அறிமுகமானது.
* செக்ஜேஎஸ்: அக்கோப்புகளின் பிழைகளையும் அறிவிக்கும். 2017-இல் 2.3 பதிப்பில் அறிமுகமானது.

பழைய திட்டத்தில் செக்ஜேஎஸ் தெரிவை ஒரேயடியாக இயக்கினால் பிழைகள் மிகுதியாகத் தோன்றக்கூடும். மாறாக, ஒரு கோப்பின் தலைப்பில் டிஎஸ்-செக் என்னும் குறிப்புரையை இட்டு அதனை மட்டும் சரிபார்க்கலாம். தெரிவு இயங்கும்போது ஒரு கோப்பை விலக்க டிஎஸ்-நோசெக் குறிப்புரை உதவும். ஜாவாஸ்கிரிப்ட் செயற்கூறுகளின் வகைகளை ஜேஎஸ்டாக் குறிப்புரைகளாக எழுதலாம்.

வரம்புகள்

விஷுவல் ஸ்டுடியோ கோட் உரைத்தொகுப்பி இயல்பாகத் திறந்துள்ள கோப்புகளின் பிழைகளையே காட்டும். எனவே நோஎமிட் தெரிவுடன் தொகுப்பியை இயக்கி முழுத் திட்டத்தையும் சோதித்தல் வேண்டும்.

வகைக் குறிப்புகள் நிரல் இயங்கும்போது இருப்பதில்லை. ஆகவே பயனரிடமிருந்தும் வலையமைப்பிலிருந்தும் வரும் தரவுகளை நிரலே சோதித்து, சரத்தை எண்ணாக மாற்றிய பின்னரே ஒப்பிட வேண்டும்.