கண்ணாற் கண்ட சாக்ஷி எங்கே?

2023ஆம் வருஷத்தில் பத்தாம் வகுப்பு வாசித்த இரண்டு மாணவர்களை எடுத்துக் கொள்வோம். இருவரும் சேந்தமங்கலத்தில் ஒரே வீதியில் அடுத்தடுத்த வீட்டில் வசிப்பவர்கள் என்று வைத்துக் கொள்வோம். ஒருவன் உள்ளூரில் மாநிலப் பாடத்திட்டத்தில் படிக்கிறான். 2019இல் வெளிவந்த அவனுடைய விஞ்ஞானப் புத்தகத்தில் உயிரின் தோற்றத்தையும் பரிணாமத்தையும் பற்றித் தனி அத்தியாயம் உண்டு. மற்றவன் மத்தியப் பாடத்திட்டப் பள்ளிக்கூடத்திற்காக நாமக்கல் பஸ் ஏறுகிறான். அவனுடைய புத்தகத்தில் "பாரம்பரியமும் பரிணாமமும்" என்றிருந்த அத்தியாயம் அவ்வருஷம் "பாரம்பரியம்" என்று குறுகி விட்டது. குறைந்தது தலைப்பில் ஒரு சொல்லென்று தோன்றலாம். அந்தச் சொல்லோடு டார்வினும் போனார், கல்லாய்ச் சமைந்த பண்டைப் பிராணிகளும் போயின, மனித ஜாதி வந்த வழியும் போயிற்று.

கொரோனாக் காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்தமையால் மாணவரின் சுமையைக் குறைக்க 2022இல் இவ்வாறு செய்ததாகத் தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் கழகத்தார் சமாதானம் கூறினர். நோய் தணிந்தது, பாடம் திரும்பவில்லை. விஞ்ஞானிகளும் ஆசிரியர்களுமாக 1,800 பேருக்கு மேல் கையொப்பமிட்டுப் பகிரங்கக் கடிதம் விடுத்தனர். பன்னிரண்டாம் வகுப்பில் அப்பாடம் இருக்கிறதே என்பது கழகத்தார் மறுமொழி. இருக்கிறது, மெய்தான், உயிரியலை விரும்பி எடுத்தவனுக்கு மாத்திரம் இருக்கிறது. கணக்குக்கோ வாணிபத்துக்கோ தொழிலுக்கோ போகிற பிள்ளைக்குப் பத்தாம் வகுப்போடு உயிர்நூல் முடிந்து போகிறது. நாட்டில் பெரும்பாலோர் அந்த வகையினர்.

இதற்கு முன்னர் 2018 ஜனவரியில் மற்றொரு சம்பவம் நடந்தது. அப்பொழுது மத்திய மனிதவள இலாகாவின் ராஜாங்க மந்திரியாயிருந்த ஸ்ரீ சத்யபால் சிங், டார்வின் கொள்கை விஞ்ஞான ரீதியில் தவறு என்றும், குரங்கு மனிதனாக மாறியதை யாரும் கண்டதாக நம் முன்னோர் சொல்லவோ எழுதவோ இல்லை என்றும், பாடத்தை மாற்ற வேண்டும் என்றும் பிரஸ்தாபித்தார். தேசத்தின் மூன்று விஞ்ஞானக் கழகங்களும் ஒன்றுகூடி மறுத்தன. இலாகாவின் மூத்த மந்திரி ஸ்ரீ பிரகாஷ் ஜாவடேகரே இவ்விதம் பேச வேண்டாமென்று அவருக்குச் சொல்ல நேர்ந்தது. அந்தப் பேச்சுக்கும் பின்னால் பாடம் நீங்கியதற்கும் சம்பந்தம் உண்டென்று நாம் கூறவில்லை. அதற்கு ருசு நம்மிடம் இல்லை. ஆனால் மந்திரியவர்கள் கிளப்பிய ஆக்ஷேபம் இன்றும் திண்ணைகளில் வழங்குவதாகையால் அதைச் சிறிது ஆராய்வது அவசியம்.

கண்ணாற் கண்ட சாக்ஷி எங்கே என்பதுதான் அந்த ஆக்ஷேபம். அதை எழுப்பியவர் அரசியலுக்கு வருமுன் பம்பாய் நகரப் போலீஸ் கமிஷனராக இருந்தவர் என்பது நமக்கு வியப்பைத் தருகிறது. ஒருவரும் பாராத கொலைகளை எத்தனை முறை அவருடைய இலாகா கோர்ட்டில் நிரூபித்திருக்கும்! சந்தர்ப்ப சாக்ஷியத்தைக் கொண்டு குற்றத்தைத் தீர்மானிப்பது எப்படி என்பதற்கு 1984இல் சரத் பிர்திசந்த் சார்தா வழக்கில் சுப்ரீம் கோர்ட்டார் ஐந்து நிபந்தனைகளை விதித்தனர். ஒவ்வொரு சங்கதியும் ஐயமற நிலைநாட்டப்பட வேண்டும். எல்லாம் சங்கிலிபோல் கோத்து வர வேண்டும். வேறெந்த ஊகத்துக்கும் இடம் தரலாகாது என்பன அவற்றின் சாரம். மனிதன் உயிரையே தூக்குமேடைக்கு அனுப்பப் போதுமான இந்த அளவுகோலை டார்வின் விஷயத்திலும் வைத்துப் பார்ப்போமே.

முதற் கண்ணி நம் ராஜதானியிலேயே கிடைத்தது. 1863 மே மாதம் 30ந் தேதி, டார்வினுடைய நூல் வெளிவந்த நான்காம் வருஷத்தில், பூதத்துவ இலாகாவைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் ஃபூட் என்பவர் சென்னைக்கு அருகே பல்லாவரத்தில் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். மனிதக் கை செதுக்கிய கோடரி அது. ஓய்வு பெற்ற பின் இவர் நமது சேலம் ஜில்லாவில் ஏற்காட்டிலேயே குடியேறி வாழ்ந்தவர். அதே வருஷம் அவரும் தோழர் கிங்கும் கண்ட அத்திரம்பாக்கத்தில் பின்னர் சாந்தி பப்புவும் அவர் கூட்டத்தாரும் பல்லாண்டுகள் தோண்டினார்கள். திறந்த வெளியில் கிடக்கும் கல்லில் அண்டக் கதிர்கள் பட்டுச் சில அபூர்வ அணுக்கள் உண்டாகும். கல் மண்ணுக்குள் புதைந்தவுடன் அவை கணக்குத் தவறாமல் தேயத் தொடங்கும். மிஞ்சியதை அளந்து, அக்கருவிகளில் பழையவை சுமார் 15 லக்ஷம் வருஷத்தன என்று 2011இல் வெளியிட்டனர். நம்மைப் போன்ற மனிதர் பூமியில் தோன்றி ஏறக்குறைய 3 லக்ஷம் வருஷமே ஆகிறது என்பது எலும்புகளால் தெரிவது. அப்படியானால் கொற்றலையாற்றங்கரையில் அந்தக் கோடரியைப் பிடித்த கை யாருடையது? நமக்கு முந்தியதொரு மனித ஜாதியின் கை என்பதைத் தவிர வேறு விடை இல்லை.

இரண்டாவது கண்ணியைத் தமிழன்பர்கள் எளிதில் அறிவார்கள். ஏட்டுச் சுவடிகளை ஒப்பு நோக்குவோர், இரண்டு சுவடிகளில் ஒரே இடத்தில் ஒரே எழுத்துப் பிழை இருக்கக் கண்டால், இரண்டும் ஒரே மூல ஏட்டிலிருந்து பெயர்த்து எழுதப்பட்டவை என்று துணிவார்கள். சரியான பாடம் இரண்டிலும் இருப்பது ஒன்றையும் காட்டாது. பிழை ஒத்திருப்பதே உறவைக் காட்டும். பசுவும் நாயும் வைட்டமின் 'சி' என்னும் சத்தைத் தம் உடம்பிலேயே செய்து கொள்கின்றன. நாம் எலுமிச்சையும் நெல்லியும் தின்று பெற வேண்டியிருக்கிறது. ஏனெனில் அதைச் செய்விக்கும் மரபெழுத்து நம் உடலில் சிதைந்து கிடக்கிறது. சிம்பன்சிக்கும் அதே எழுத்து, ஒத்த விதமாகவே சிதைந்திருக்கிறது. மனிதன் இன்றுள்ள குரங்கிலிருந்து வந்தான் என்று டார்வின் சாஸ்திரம் சொல்லவில்லை. நமக்கும் சிம்பன்சிக்கும் ஒரு பொது மூதாதை சுமார் 60, 70 லக்ஷம் வருஷங்களுக்கு முன் இருந்தது என்றே சொல்லுகிறது. மூல ஏடு அழிந்து விட்டது. பெயர்ப்புகள் இரண்டும் கையில் இருக்கின்றன.

நிற்க. சேந்தமங்கலத்துக்காரர் இவ்வளவு தூரம் போகவும் வேண்டியதில்லை. நாமக்கல் ரஸ்தாவில் முட்டை லாரிகள் போகின்றனவே, அதுவே போதும். காட்டுக்கோழி வருஷத்துக்குப் பத்துப் பதினைந்து முட்டைக்குமேல் இடுவதில்லை. பண்ணையிலுள்ள வெள்ளைக் கோழி முந்நூறு இடுகிறது. எந்தப் பெட்டையின் குஞ்சை வளர்ப்பது, எதை விடுவது என்று தலைமுறை தலைமுறையாக மனிதன் பொறுக்கியதன் பயன் இது. கொல்லிமலைக் குடியானவர் சாமைக் கதிரில் விதைக்கென்று பொறுக்கி எடுப்பதும் இந்த வித்தைதான். மனிதன் செய்யும் பொறுக்கலை இயற்கையும் செய்கிறது என்பதே டார்வின் கண்டது.

கோழிகள் அனைத்தும் செங்காட்டுக்கோழி ஒன்றன் வழியே வந்தவை என்று டார்வின் 1868இல் எழுதினார். 2008இல் மரபெழுத்துக்களை வாசித்தவர்கள், வீட்டுக்கோழியின் மஞ்சள் தோலும் மஞ்சள் காலும் செங்காட்டுக்கோழியிலிருந்து வந்தவை அல்ல, தென்னிந்திய மலைக்காடுகளில் திரியும் சாம்பல் காட்டுக்கோழியினிடமிருந்து கலந்தவை என்று காட்டினார்கள். டார்வின் அந்த அம்சத்தில் பிசகினார்; திருத்தப்பட்டார்; அதற்காக எவரும் கலகம் செய்யவில்லை. நமது காட்டுப் பறவையின் அடையாளம் உலகத்துப் பண்ணைக் கோழிகளின் காலில் இருக்கிறது என்ற செய்தி நம் ஜில்லாப் பள்ளிகளில் பாடமாக வேண்டியதல்லவா?

இதே கோழித் தீவனத்தில்தான் ஆபத்தும் இருக்கிறது. கொலிஸ்டின் என்று ஒரு மருந்து. மற்ற மருந்துகள் கைவிட்ட பிறகு வைத்தியர்கள் கடைசியாக எடுப்பது. கோழி கொழுக்கவென்று அதைச் சிறுகச் சிறுகத் தீவனத்தில் கலக்கும் வழக்கம் தேசத்தில் பரவியிருந்தது. கிருமிகள் தக்க சூழலில் இருபது நிமிஷத்துக்கொருமுறை இரட்டிக்க வல்லவை. கோடானுகோடியில் ஒன்றுக்குத் தற்செயலாக மருந்தைத் தாங்கும் மாறுதல் நேர்கிறது. மருந்து மற்றவற்றைக் கொன்று, அந்த ஒன்றுக்கு வயலை முழுவதும் காலி செய்து கொடுக்கிறது. தாங்குந் திறனை ஒரு கிருமி மற்றொன்றுக்குக் கைமாற்றவும் கூடும் என்று 2015இல் சீனாவில் கண்டார்கள். 2019 ஜூலையில் இந்திய சர்க்கார், உணவுக்கு வளர்க்கும் பிராணிகளுக்குக் கொலிஸ்டின் கொடுப்பதைத் தடை செய்தனர். பரிணாமத்தை நம்பாத மந்திரி இருந்த அதே சர்க்கார், பரிணாமத்துக்கு அஞ்சிப் போட்ட உத்தரவு அது! பண்ணை முதலாளியின் மகன் வாணிபம் படித்து விட்டுத் தொழிலுக்கு வருகிறான். அந்த உத்தரவின் காரணத்தை அவனுக்கு யார், எந்த வகுப்பில் சொல்லிக் கொடுத்தார்கள்? காரணம் தெரியாதவனுக்குத் தடை வெறும் தொந்தரவாகவே தோன்றும். வேறொரு மருந்தைத் தேடிப் போவான்.

இனி மத விஷயம். நமது மதத்துக்கு இதனால் ஹானி உண்டாகும் என்று அஞ்சுவோர் ஒரு சாரார். எல்லாம் நம் முன்னோர் அறிந்ததே, தசாவதாரமே டார்வின் தத்துவம் என்று மார்தட்டுவோர் மற்றொரு சாரார். இவ்விருவரும் ஒரே பிழையைச் செய்கிறார்கள் என்பது நம் அபிப்பிராயம். நாமக்கல் நரசிம்மர் குடைவரையில் வராகத்தையும் நரசிங்கத்தையும் திரிவிக்கிரமனையும் கண்டு கைகூப்புகிறவன் விலங்கு நூல் கற்க அங்கே போகவில்லை. அவதாரங்கள் ஓர் உத்தேசத்தோடு இறங்குபவை. டார்வினுடைய மரமோ உத்தேசமின்றிக் கிளைத்துக் கொண்டே போவது. ஒன்றை மற்றொன்றாக்கினால் இரண்டும் கெடும். தொல்காப்பிய மரபியல் புல்லும் மரமும் ஓரறிவு என்று தொடங்கி மனிதனுக்கு ஆறறிவு என வகுக்கிறது. அருமையான வகுப்பு முறை. ஒன்றிலிருந்து ஒன்று பிறந்தது என்று அது சொல்லவில்லை. சொல்லாததைச் சொன்னதாக ஏற்றுவது ஆசிரியருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

மெய்யாக நம் சமயத்திலிருந்து எடுத்துக்காட்ட வேண்டுமானால் சேந்தமங்கலத்திலேயே இருக்கிறது. ஊரை அடுத்த சந்நியாசிக் கரட்டில் ஸ்வயம்பிரகாச அவதூத ஸ்வாமிகள் தவம் செய்த இடத்தில் தத்தாத்திரேயர் சந்நிதி உண்டு. பாகவதம் பதினோராம் ஸ்கந்தத்தில் ஓர் அவதூதர் யது மன்னனிடம் தமக்கு இருபத்து நான்கு குருமார் என்கிறார். அவரே தத்தாத்திரேயர் என்பது ஐதிகம். யார் அந்தக் குருமார்? புறா, மலைப்பாம்பு, விட்டில், தேனீ, மீன், சிலந்தி, குளவி! சாஸ்திரத்தை ஒப்புவிக்காமல் பிராணிகளை உட்கார்ந்து கவனித்த ஒருவரை நம்மவர் தெய்வமாகவே வைத்துக் கும்பிடுகிறார்கள். புறாவையும் கோழியையும் வருஷக்கணக்கில் கவனித்த டார்வினிடம் இவர்களுக்கு என்ன பகை இருக்க முடியும்? ஆன்மாவைப் பற்றியும் ஈசனைப் பற்றியும் டார்வின் நூல் தீர்ப்பு அளிக்கவில்லை. முதல் உயிர் எப்படி உண்டாயிற்று என்ற வினாவோ வேறு. அது ரஸாயன சாலைகளில் இன்னும் நடந்துவரும் ஆராய்ச்சி. அதை முதலில் துணிந்து எழுப்பியவர்களில் ஒருவரான ஹால்டேன், 1957இல் இந்தியாவுக்கே வந்து, இந்தியக் குடியாகி, 1964இல் புவனேசுவரத்தில் காலமானார்.

இந்தச் சண்டை அமெரிக்காவில் பிறந்தது. 1925இல் டென்னஸி மாகாணத்து டேட்டன் ஊரில் ஸ்கோப்ஸ் என்ற உபாத்தியாயருக்குப் பரிணாமம் போதித்த குற்றத்துக்காக 100 டாலர் அபராதம் விதித்தார்கள். அபராதத்தை ஜூரிகள் விதிக்காமல் ஜட்ஜே விதித்து விட்டார் என்ற நுணுக்கத்தால் 1927இல் தீர்ப்பு ரத்தாயிற்று. வக்கீல்களுக்கு மட்டுமே சிரிப்பூட்டும் முடிவு அது. சட்டத்தை நீக்க 1967 வரை ஆயிற்று. நம் தேசத்தில் அப்படி ஒரு சட்டம் இருந்ததில்லை. 2023 அக்டோபரில் டார்வின் கொள்கை தவறென்று சுப்ரீம் கோர்ட்டில் மனுச் செய்த ஒருவருக்கு, தவறென்று தோன்றினால் உம்முடைய கொள்கையை நீரே வெளியிடலாம், அதற்கு இந்தக் கோர்ட்டு இடமல்ல என்று கூறி மனுவைத் தள்ளினார்கள். நியாயமான விடை. ஆனால் தடைச்சட்டம் ஒன்று வந்தால் எதிர்த்து வழக்காடலாம். சுமை குறைப்பு என்ற பெயரில் ஓர் அத்தியாயம் சத்தமின்றி நழுவினால் யார் மேல் வழக்குத் தொடுப்பது? விஞ்ஞான மனப்பான்மையை வளர்ப்பது பிரஜையின் கடமை என்று அரசியல் சட்டம் 51ஏ ஷரத்து 1976 முதல் கூறுகிறது. பிரஜை கடமையைச் செய்யப் புத்தகம் வேண்டாமா?

மத்தியப் பாடத்திட்டத்துக்கு இனி எழுதும் பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் பரிணாமம் முழுப் பாடமாகத் திரும்ப வேண்டுமென்று நாம் கோருகிறோம். நம் பாராளுமன்ற அங்கத்தினர்கள் இதைச் சபையில் கேட்க வேண்டும். மாநிலப் பள்ளிகளில் பாடம் இருக்கிறதென்று திருப்தியடைந்து விடவும் கூடாது. கடைசிப் பாடங்களை, பரீக்ஷைக்கு வராது என்று பக்கம் புரட்டிச் செல்லும் வழக்கம் உபாத்தியாயர்களிடையே உண்டு. சேந்தமங்கலம், நாமக்கல் வட்டாரத்துப் பெற்றோர் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, அந்த அத்தியாயத்துக்கு எத்தனை பக்கம் எழுதியிருக்கிறது என்று இந்த வாரமே பார்த்துக் கொள்ளலாம்.