ஹென்றி மோலெய்சனின் ஞாபகம்

பத்து வயது முதற்கொண்டு காக்காய்வலிப்பினால் வதைபட்டு, எந்த மருந்துக்கும் அது அடங்காமல், உத்தியோகத்தையும் விட்டுவிட நேர்ந்த ஹென்றி மோலெய்சன் என்ற 27 வயது அமெரிக்க இளைஞருக்கு, 1953-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம், கனெக்டிகட் மாநிலத்து ஹார்ட்ஃபோர்டு நகரில், வில்லியம் ஸ்கோவில் என்ற டாக்டர் சஸ்திர சிகிச்சை செய்தார். நெற்றியில் இரண்டு துளைகளிட்டு, மூளையின் இரு பக்கங்களிலும் கன்னப்பொறிக்கு உள்ளாக, ஆழத்தில், கடற்குதிரையைப் போல் வளைந்து கிடக்கும் ஹிப்போகாம்பஸின் முன்பகுதியையும், அதை அடுத்துள்ள அமிக்டலாவையும் அவர் உறிஞ்சி எடுத்துவிட்டார்.

வலிப்பு வெகுவாகக் குறைந்தது. புத்திக் கூர்மையும், பேச்சும், சாந்தமான சுபாவமும் முன்போலவே இருந்தன. பால்ய காலத்துச் சம்பவங்களும் நினைவில் நின்றன. ஆனால் அன்று முதல், புதிதாக நடந்த எதுவும் அவர் மனத்தில் தங்கவில்லை. அவரைப் பரிசோதிக்க மாண்ட்ரியாலிலிருந்து வந்த பிரெண்டா மில்னர் என்ற மனோதத்துவ அறிஞரை, எத்தனை வருஷம் பழகியும், ஒவ்வொரு தடவையும் முதன்முதலாகச் சந்திப்பவராகவே எண்ணி அவர் வரவேற்றார்.

அந்த அம்மையார் செய்த ஒரு பரிசோதனையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். இரட்டைக் கோடுகளால் வரைந்த ஐந்து முனை நட்சத்திரம் ஒன்றைக் காகிதத்தில் கொடுத்து, அக்கோடுகளுக்கு நடுவே பென்சிலை ஓட்டச் சொன்னார். கையும் காகிதமும் நேரே தெரியாதபடி மறைத்து, கண்ணாடியில் விழும் பிம்பத்தை மட்டுமே பார்க்க விட்டார். கண்ணாடியில் திசை தலைகீழாகி விடுவதால், முனைக்கு முனை பென்சில் தடம்புரளும். யாருக்கும் முதலில் இது வராது. மோலெய்சனும் முதல் நாள் தடுமாறினார். மூன்றாம் நாளோ, பிழை ஏறக்குறைய இல்லாமல் வரைந்தார். ஆனால் அந்தக் காகிதத்தையோ கண்ணாடியையோ முன்பு கண்டதாக அவருக்குச் சிறிதும் ஞாபகமில்லை. கடினமாயிருக்கும் என்று நினைத்தது இவ்வளவு எளிதாக வந்துவிட்டதே என்று அவரே ஆச்சரியப்பட்டார்!

ஞாபகம் என்று நாம் ஒன்றாக எண்ணிக்கொண்டிருப்பது ஒன்றல்ல என்பது இதனால் ருசுவாயிற்று. நேற்று யாரைக் கண்டோம், என்ன பேசினோம் என்பவற்றைப் பதியவைப்பதற்கு ஹிப்போகாம்பஸ் இன்றியமையாதது. சைக்கிள் விடவும், வீணை மீட்டவும், தட்டச்சு அடிக்கவும் கற்கும் பழக்கமோ சிறுமூளையையும், பெருமூளையின் அடித்தளத்திலுள்ள நரம்புக் கணுக்களையும் பெரிதும் சார்ந்து நிற்கிறது. மறதி போக, பசி, திருப்தி முதலியவற்றை உணர்ந்து சொல்வதிலும் மோலெய்சனுக்குக் குறை இருந்தது: ஒருமுறை இராச்சாப்பாடு முடிந்து ஒரு நிமிஷத்திற்கெல்லாம் இன்னொரு தட்டு வைத்தபோது, அதையும் நிதானமாகச் சாப்பிட்டார். இதைப் பேராசை என்று யார் சொல்லக்கூடும்?

ஸ்கோவில் துணிந்து செய்தது அவசரக் காரியம் என்பதே என் அபிப்பிராயம். ஆனால் 1957-இல் மில்னரோடு சேர்ந்து விளைவை ஒளிக்காமல் பிரசுரித்து, மற்ற வைத்தியர்களை எச்சரித்த நேர்மையைப் போற்றத்தான் வேண்டும். மோலெய்சன் 2008-இல் தமது 82-ஆம் வயதில் காலமானார். அவர் மூளையை 2,401 மெல்லிய சீவல்களாக்கி விஞ்ஞானிகள் பாதுகாத்து வருகிறார்கள்.

அல்ஸைமர் வியாதி பெரும்பாலும் இதே ஹிப்போகாம்பஸையும் அதன் சுற்றுப்புறத்தையுமே முதலில் தாக்குகிறது. ஆதலால், காலையில் சாப்பிட்டதை மறந்து மறுபடி இலை போடச் சொல்லும் பாட்டியையோ, ஒரே கேள்வியைப் பத்துத் தடவை கேட்கும் தாத்தாவையோ பிடிவாதக்காரர் என்று கடிந்துகொள்ளாதீர்கள். பி12 வைட்டமின் குறைவு, தைராய்டு கோளாறு போன்ற, தீர்க்கக்கூடிய காரணங்களாலும் இத்தகைய மறதி வருவதுண்டு; வயதின் இயல்பென்று விட்டுவிடாமல், தாமதமின்றி டாக்டரிடம் அழைத்துச் சென்று காட்டுங்கள்.