மணிலா இலை மஞ்சளானால் கிலேட் மருந்து வாங்கலாமா?

செஞ்சியைச் சுற்றிலும் பனமலை போன்ற கிராமங்களில் ஏரிப் பாசனத்தில் நெல்லும், கிணற்றுப் பாசனத்திலும் மானாவாரியிலும் மணிலா என்னும் நிலக்கடலையும் பயிராகின்றன. மணிலாவின் இளம் இலைகள் மஞ்சளாகும்போதும், நட்ட நெல் வளராமல் துரு நிறம் அடிக்கும்போதும் உரக்கடையில் 'கிலேட்' என்ற பெயரில் சிறு பொட்டலங்கள் கிடைக்கின்றன. அன்னபேதி, துத்தநாக சல்பேட் ஆகியவற்றைவிட இவற்றின் விலை பல மடங்கு அதிகம். இவை வேலை செய்யும் விதத்தை அறிந்துகொண்டால், எப்போது வாங்கலாம், எப்போது வேண்டாம் என்று விவசாயிகள் தாமே முடிவு செய்யலாம்.

இரும்பு இருந்தும் பஞ்சம்

ஓர் ஏக்கரில் அரையடி ஆழ மேல்மண் ஏறத்தாழ 9 லட்சம் கிலோ இருக்கும். அதில் நூற்றுக்கு ஒரு பங்கு இரும்பு என்று வைத்துக்கொண்டாலும் 9,000 கிலோ ஆகிறது. செம்மண்ணின் சிவப்பே இரும்பின் நிறந்தான். பயிருக்கு வேண்டியதோ மிகச் சொற்பம். ஆனால் சுண்ணாம்பு மிகுந்த மண்ணிலும் களர் நிலத்திலும் இரும்பு கரையாத துருவாக இறுகிவிடுகிறது. கரையாததை வேர் உறிஞ்ச முடியாது. பூட்டிய குதிரில் நெல் இருந்தும் வீட்டில் பட்டினி என்பது போன்ற நிலை இது.

இரும்புச் சத்துக் குறைவில் இளம் இலைகளில் நரம்புகள் பச்சையாகவே இருக்க, நரம்புகளுக்கு இடைப்பட்ட பகுதி மஞ்சளாகும்; முற்றினால் இலை வெளுத்துவிடும். அடியிலுள்ள பழைய இலைகள் முதலில் மஞ்சளானால் அது பெரும்பாலும் தழைச்சத்துக் குறைவு. அதற்குக் கிலேட் தேவையில்லை.

நண்டுக் கொடுக்கு

உலோக அணுவைச் சுற்றி வேறு மூலக்கூறுகள் பிடித்துக்கொண்டு நிற்பதை அணைவுச் சேர்மம் என்பார்கள். பிடிக்கும் மூலக்கூறுக்கு ஈனி என்று பெயர். இத்தகைய சேர்மங்களின் அமைப்பை விளக்கியதற்காக சூரிச் நகரப் பேராசிரியர் ஆல்பிரட் வெர்னர் 1913-இல் நோபல் பரிசு பெற்றார். இலையின் பச்சையம் மக்னீசியத்தைப் பிடித்த அணைவு. மாட்டின் இரத்தச் சிவப்பு இரும்பைப் பிடித்த அணைவு.

ஒரே ஈனி பல இடங்களில் கவ்வினால் அதுவே கிலேட். நண்டுக் கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. வயல் நண்டு கவ்வினால் எளிதில் விடாது அல்லவா? இ.டி.டி.ஏ. என்ற ஈனி உலோகத்தை ஆறு இடங்களில் கவ்வுகிறது. அந்தப் பிடிக்குள் இருக்கும் இரும்பும் துத்தநாகமும் துருவாக இறுகாமல் கரைந்தே நிற்கும்.

பிடியும் தளரும்

எல்லாக் கிலேட்டும் எல்லா மண்ணிலும் தாங்காது. மண்ணின் கார அமில நிலை 6.5-ஐத் தாண்டினால் இரும்பு இ.டி.டி.ஏ.வின் பிடி தளர்கிறது. சுண்ணாம்புச் சத்து இரும்பைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். டி.டி.பி.ஏ. ஏறத்தாழ 7.5 வரை தாங்கும். சுண்ணாம்பு நிலத்தில் நிலைத்து நிற்பது இ.டி.டி.எச்.ஏ. வகை, அதன் விலையும் அதிகம். ஆகவே சுண்ணாம்பு மண்ணில் இரும்பு இ.டி.டி.ஏ.வை மண்ணில் இடுவது வீண். அதை இலைவழி மட்டுமே கொடுக்க வேண்டும்.

மணிலாவுக்குக் குறைந்த செலவு வழியும் உண்டு. 10 லிட்டர் தண்ணீரில் முதலில் 10 கிராம் சிட்ரிக் அமிலத்தையும், பிறகு 100 கிராம் அன்னபேதியையும் கரைத்து, மாலை வேளையில் இலை நனையத் தெளிக்க வேண்டும். பத்து நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை தெளிக்கலாம். சிட்ரிக் அமிலமும் இரும்பைக் கவ்வும் ஓர் ஈனிதான். அன்னபேதி பச்சை நிறமாக இருக்க வேண்டும்; பழுப்பேறியதை வாங்கக் கூடாது. முதலில் ஒரு பாத்தியில் மட்டும் தெளித்து, புதிய இலைகள் பச்சை கட்டுகின்றனவா என்று ஒரு வாரம் பார்த்துவிட்டு மற்ற இடத்துக்குத் தெளிப்பது நல்லது.

நெல்லுக்குத் துத்தநாகம்

நட்ட இரண்டு முதல் நான்கு வாரத்தில் இலையில் துருப் புள்ளிகள் தோன்றிப் பயிர் குட்டையாக நின்றால் துத்தநாகக் குறைவு என்று ஐயப்படலாம். வடநாட்டில் 'கைரா' எனப்பட்ட இந்த நோய்க்குத் துத்தநாகக் குறைவே காரணம் என்று 1966-இல் பந்த்நகரில் கண்டறியப்பட்டது. ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டை 20 கிலோ மணலுடன் கலந்து நடவுக்கு முன் தூவ வேண்டும். டி.ஏ.பி., சூப்பர் பாஸ்பேட் ஆகியவற்றுடன் கலக்கக் கூடாது. மணிச்சத்தும் துத்தநாகமும் சேர்ந்து கரையாத பொருளாகிவிடும். ஏக்கருக்கு இரண்டரை டன் பசுந்தாள் உரம் மடக்கி உழுதால் 5 கிலோ துத்தநாக சல்பேட்டே போதும். மட்கும் தழையிலிருந்து வரும் அமிலங்களும் உலோகத்தைக் கவ்விக் காப்பாற்றும். இது காசு கொடுக்காமல் கிடைக்கும் கிலேட்.

துத்தநாக சல்பேட்டில் (ஏழு நீர் கொண்டது) துத்தநாகம் 21 சதவீதம், துத்தநாக இ.டி.டி.ஏ.வில் 12 சதவீதம். பொட்டலத்தில் அச்சிட்ட சதவீதத்தைப் பார்த்தே விலையை ஒப்பிட வேண்டும்.

தண்ணீரை அளக்கும் கொடுக்கு

இதே இ.டி.டி.ஏ. ஆய்வுக்கூடத்தில் அளவுகோலாகவும் பயன்படுகிறது. 1940-களில் சூரிச்சில் சுவார்சன்பாக் என்ற அறிஞர் இம்முறையை வகுத்தார். 50 மில்லி கிணற்றுத் தண்ணீரைக் காரமாக்கி ஒரு சாயத்தைச் சேர்த்தால், சாயம் உலோகத்தைப் பிடித்துத் திராட்சைச் சிவப்பாகிறது. இ.டி.டி.ஏ. கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடும்போது அது சுண்ணாம்பையும் மக்னீசியத்தையும் ஒவ்வொன்றாகக் கவ்வும். கடைசியில் சாயத்தின் பிடியில் இருப்பதையும் பறித்தவுடன் தண்ணீர் நீல நிறமாகும். வழக்கமான கரைசலில் ஒரு மில்லி செலவானால் லிட்டருக்கு 20 மில்லிகிராம் கடினத்தன்மை. 15 மில்லி என்றால் 300.

சோப்பு நுரைக்காத கடினத் தண்ணீர் நிலத்தைக் கெடுக்கும் என்று எண்ண வேண்டாம். நன்றாக நுரைத்து வழவழப்பாக இருக்கும் சோடாத் தண்ணீர்தான் சில சமயம் ஆபத்து. சுண்ணாம்பு, மக்னீசியத்தைவிடக் கார்பனேட், பைகார்பனேட் மிகுந்திருந்தால் மண் இறுகிக் களராகும். அந்த மிச்சம் 1.25 வரை நல்லது, 2.5-க்கு மேல் பாசனத்துக்கு ஏற்றதல்ல. தேவையான ஜிப்சம் அளவை ஆய்வுக்கூடத்தில் கேட்க வேண்டும். பைகார்பனேட் மிகுந்த தண்ணீர் மணிலாவில் இரும்புக் குறைவையும் உண்டாக்கும். அந்நிலையில் எத்தனை பொட்டலம் தெளித்தாலும் மஞ்சள் திரும்பத் திரும்ப வரும்.

மாதிரி எடுக்கும் முறை

நுண்சத்துச் சோதனைக்கு நாக முலாம் பூசிய வாளியில் மண் எடுக்கக் கூடாது. முலாமே கணக்கைக் கெடுத்துவிடும். பிளாஸ்டிக் வாளியில், வரப்பையும் மர நிழலையும் தவிர்த்து, 10, 15 இடங்களில் அரையடி ஆழம் வரை எடுத்துக் கலந்து அரைக் கிலோ அனுப்ப வேண்டும். மோட்டாரை அரை மணி ஓட்டிவிட்டு, அதே தண்ணீரில் அலம்பிய பிளாஸ்டிக் பாட்டிலில் ஒரு லிட்டர் பிடிக்க வேண்டும். விழுப்புரம் மண் பரிசோதனை நிலையத்தையோ திண்டிவனம் வேளாண் அறிவியல் நிலையத்தையோ அணுகலாம். அறுவடை முடிந்து அடுத்த உழவுக்கு முன் இதைச் செய்தால், விதைக்கும்போதே எந்தச் சத்து, எவ்வளவு என்பது கையில் இருக்கும்.