உங்களுக்குத் தெரியுமா? கள்ளக்குறிச்சிக்குள் இத்தனையா!

சென்னையிலிருந்து திருச்சி போகிறீர்கள். உளுந்தூர்பேட்டை சுங்கச்சாவடியில் காசு கழிந்ததும் வண்டியை விரட்டிவிடுகிறீர்கள். நீங்கள் தாண்டிப் போனது எந்த மாவட்டம் தெரியுமா? கள்ளக்குறிச்சி! பிறந்தநாள் 2019 நவம்பர் 26. தமிழ்நாட்டின் 34ஆவது பிள்ளை. சரித்திரமோ 2,000 வருஷம்!

அசோகர் தன் கல்வெட்டில் சோழர், பாண்டியர், சேரரோடு 'சத்தியபுத்திரர்' என்று இன்னொருவரையும் சேர்க்கிறார். யார் அது? அறிஞர்கள் ஆளுக்கொரு திசையைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். விடையோ திருக்கோவிலூர் பக்கம் ஜம்பை கிராமத்துப் பாறையில் சும்மா கிடந்தது! 1981இல்தான் கண்ணில் பட்டது. ஒரே வரி. ஆள் யார்? அதியமான் நெடுமான் அஞ்சி! ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்தாரே, அவரேதான்!

இன்னொரு கூத்து. திருக்கோவிலூரை ஆண்டவர் மலையமான் காரி. கடையேழு வள்ளல்களில் ஒருவர். அந்த ஊர் மேல் படையெடுத்தவர் அதியமான். அவரும் அதே ஏழு பேரில் ஒருவர்! வள்ளலுக்கு வள்ளலே எதிரி!

தஞ்சைப் பெரிய கோயில் கட்டிய ராஜராஜனின் தாய் வானவன்மாதேவி எந்த ஊர்ப் பெண்? இதே மலையமான் வம்சத்துப் பெண்! ராஜராஜனுக்குத் தாய்மாமன் ஊர் திருக்கோவிலூர். அங்குள்ள வீரட்டானேசுவரர் கோயில் கல்வெட்டே சாட்சி. அதே கல்வெட்டில் சங்கப் புலவர் கபிலரும் வருகிறார்! வள்ளல் பாரியின் மகளை மலையமானுக்குக் கட்டிக்கொடுத்துவிட்டு, பெண்ணையாற்றுக் கல்லில் தீப்புகுந்தாராம். ஆற்றுக்குள் அந்தப் பாறை இன்றும் நிற்கிறது. பெயர், கபிலர் குன்று!

ஒரு மழை ராத்திரி. திருக்கோவிலூரில் ஒரு வீட்டு இடைகழி. ஒருவர் படுக்கலாம், இருவர் உட்காரலாம், மூவர் நிற்கலாம். பொய்கையாழ்வார், பூதத்தாழ்வார், பேயாழ்வார் மூன்று பேரும் நின்றார்கள். நாலாவதாக யாரோ இருட்டில் நெருக்கினார். பெருமாள்! அந்த நெருக்கடியில் பிறந்தவை ஆளுக்கு நூறாக 300 வெண்பா! நாலாயிர திவ்வியப் பிரபந்தத்தில் 300 பாட்டு ஒரு திண்ணை அளவு இடத்தில்!

1790இல் திப்பு சுல்தான் படையோடு வந்தும் தியாகதுருகம் மலைக்கோட்டையைப் பிடிக்க முடியவில்லை. உள்ளே இருந்தவர் கேப்டன் பிளின்ட். பத்து வருஷம் முன்னால் வந்தவாசிக் கோட்டையை ஹைதர் அலியிடம் விடாமல் காத்தவர் யார்? அதே பிளின்ட்! அப்பாவுக்கும் பிள்ளைக்கும் ஒரே ஆள் தண்ணி காட்டியிருக்கிறார்!

மேலே ஏறுவோம். கல்வராயன் மலையில் வாழ்கிறவர்கள் மலையாளிகள். கேரளத்துக்கும் இவர்களுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை! பேசுவது தமிழ். சொல்லிக்கொள்ளும் பூர்வீகம் காஞ்சிபுரம்!

நாடு விடுதலை பெற்றது 1947. இந்த மலையில் ஜாகீர்தார்கள் ஆட்சி முடிந்தது 1976! கணக்குப் போடுங்கள். 29 வருஷம் தாமதம்!

கல்யாணப் பந்தியில் ஜவ்வரிசிப் பாயசம் குடிக்கிறீர்களே, அது மரவள்ளிக் கிழங்கு மாவு! இந்த மலையில் திரும்பிய பக்கமெல்லாம் மரவள்ளி. கிழங்கின் சொந்த ஊர்? தென் அமெரிக்கா! சாமைச் சோறும் கேழ்வரகுக் களியும்தான் இங்கே பழைய சொந்தக்காரர்கள்.

பாட்டி ராத்திரியில் கொடுக்கும் கடுக்காய்ப் பொடி வயிற்றுக்கு. அதே கடுக்காய் சுவருக்கும் போகும்! பழைய கட்டடங்களின் சுண்ணாம்புச் சாந்தில் கடுக்காய்த் தண்ணியும் வெல்லமும் கலப்பார்கள். கல்வராயன் மலையோ கடுக்காய்க்குப் பேர்போனது. மலைமேல் கடுக்காய், அடிவாரத்தில் வெல்லத்துக்குக் கரும்பு. அந்தக் காலத்துக் கொத்தனாருக்கு வேறென்ன வேண்டும்!

மேகம், பெரியார் அருவிகளில் குளிக்கப் போகிறவர்களே! இந்த மலையின் தண்ணி கோமுகி ஆறாகி, 46 அடி உயரக் கோமுகி அணையில் தங்கி, மணிமுக்தாவில் கலந்து, வெள்ளாறு வழியாகப் பரங்கிப்பேட்டைக் கடலைத் தொடுகிறது!

உளுந்தூர்பேட்டை பக்கம் கூவாகம். சித்திரையில் திருநங்கைகள் நாடெங்குமிருந்து வந்து மகாபாரத அரவானுக்காகத் தாலி கட்டிக்கொள்கிறார்கள். மறுநாளே அறுத்துவிட்டு வெள்ளைப் புடவை! கல்யாணத்துக்கு ஆயுசு ஒரே ராத்திரி!

கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. இனி வேறு ஊர்க்காரர் செதுக்கிய பொம்மைக்கு இந்தப் பெயரை ஒட்டி விற்க முடியாது!

கடைசியாக ஒரு வேடிக்கை. கள்ளக்குறிச்சி 1, கள்ளக்குறிச்சி 2 என்று இரண்டு கூட்டுறவு சர்க்கரை ஆலைகள் உண்டு. கள்ளக்குறிச்சி ஊருக்குள் தேடாதீர்கள். முதலாவது மூங்கில்துறைப்பட்டில், இரண்டாவது கச்சிராயபாளையத்தில்!