உருகாத சாக்லேட்டில் என்ன இருக்கிறது?

அடுத்த வாரம் உங்கள் வீட்டுக் குட்டிக்குப் பிறந்த நாள். கடையில் வாங்கும் மிட்டாயில் என்னென்ன கலந்திருக்கிறதோ என்ற பயம் உங்களுக்கு. ‘வீட்டிலேயே சாக்லேட் செய்து கொடுத்துவிடலாமே’ என்று தோன்றுகிறது. நாகர்கோவிலுக்குப் போய் ஒரு கட்டி ‘டார்க்’, ஒரு கட்டி ‘மில்க்’, பூ, இதயம், பொம்மை வடிவத்தில் அச்சு எல்லாம் வாங்கி வருகிறீர்கள். கட்டியை உருக்கி, அச்சில் ஊற்றி, ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்தால் அரை மணி நேரத்தில் கடைச் சாக்லேட் போலவே பளபளவென்று வந்துவிடுகிறது. ஜிகினாத் தாளில் சுற்றி வகுப்புக்கே கொடுத்து அனுப்பலாம். “வீட்டுல செஞ்சதுதானே, பிள்ளைய தின்னட்டும்” என்று மாமியாரும் சம்மதம் கொடுத்துவிடுகிறார்.

சந்தோஷம்தான். ஆனால் ஒரு சின்ன விஷயத்தைக் கவனித்தீர்களா? அஞ்சுகிராமத்துச் சித்திரை வெயிலில், மின்சாரம் போன மத்தியானத்தில், அந்தச் சாக்லேட் டப்பாவில் உருகாமல் அப்படியே இருக்கிறதே... எப்படி?

கோகோ வெண்ணெயின் குணம்

கோகோ விதையிலிருந்து வரும் கொழுப்புக்குக் கோகோ வெண்ணெய் என்று பெயர். உடம்புச் சூட்டுக்குச் சற்றுக் கீழே, சுமார் 34 டிகிரியில் அது முழுவதும் உருகிவிடும். நல்ல சாக்லேட்டை வாயில் போட்டதும் கரைந்து ஓடுவது இதனால்தான். நம் ஊரில் கோடையில் நிழலிலேயே 33, 34 டிகிரி வருகிறது. வடக்கே காற்றாலைகள் சுற்றுகின்றன, தெற்கே வட்டக்கோட்டைக் கடல் காற்று வருகிறது என்று சொன்னாலும் சமையலறைக்குள் உஷ்ணம் உஷ்ணம்தான். அசல் சாக்லேட் அந்தச் சூட்டில் குழைந்துபோகும். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் ‘ஹோம் மேட்’ சாக்லேட் அவ்வளவு பிரசித்தமாக இருப்பதற்கு அங்குள்ள குளிர் ஒரு முக்கியக் காரணம். சுற்றுலா போனவர்கள் ஆசையாக வாங்கி வரும் பெட்டியைத் திருநெல்வேலி தாண்டியதும் திறந்து பார்த்தால் சில சமயம் ஒரே களியாகக் கிடப்பதும் இதனால்தான்.

அப்படியானால் அச்சில் ஊற்றிய உங்கள் சாக்லேட் உருகாததற்குக் காரணம், அதில் கோகோ வெண்ணெயே இல்லை என்பதுதான். நீங்கள் வாங்கிய கட்டியின் உறையைத் திருப்பிப் பாருங்கள். ‘காம்பவுண்ட்’ என்று எழுதியிருக்கும். கோகோ வெண்ணெயை எடுத்துவிட்டு, பெரும்பாலும் பனைக்கொட்டை எண்ணெயைக் கெட்டிப்படுத்திச் சேர்த்துச் செய்த கட்டி அது. (இது எண்ணெய்ப்பனை; நம் ஊர்ப் பனைமரம் அல்ல!) விலை குறைவு, உருக்குவது சுலபம், வெயிலும் தாங்கும். வியாபாரிக்கு வேறென்ன வேண்டும்?

நம் நாட்டில் உறையில் பொருட்களை எடை அதிகமானதிலிருந்து குறைவானது வரை வரிசையாக எழுத வேண்டும் என்பது விதி. பெரும்பாலான காம்பவுண்ட் கட்டிகளில் முதலில் நிற்பது சீனி, இரண்டாவது தாவரக் கொழுப்பு, அதற்கப்புறம்தான் கோகோத் தூள். ‘சாக்லேட்’ என்று பெயர் போட்டு விற்க வேண்டுமென்றால் கோகோ வெண்ணெய் தவிர்த்த தாவரக் கொழுப்பு நூற்றுக்கு ஐந்து பங்குக்கு மேல் போகக் கூடாது. காம்பவுண்டில் அந்தக் கட்டுப்பாடு கிடையாது.

உறையைத் தூரப் போட்டுவிட்டீர்களா? கவலை வேண்டாம். ஒரு துண்டை நாக்கின் மேல் வைத்து மெல்லாமல் இருங்கள். அசல் என்றால் முழுவதும் கரைந்து வாய் சுத்தமாகிவிடும். காம்பவுண்ட் என்றால் மேலண்ணத்தில் மெழுகு பூசினாற்போல ஒரு படலம் தங்கும்.

பயப்பட என்ன இருக்கிறது?

ஒரு காலத்தில் இந்தக் கட்டிகளில் ‘டிரான்ஸ் ஃபேட்’ என்ற கெட்ட கொழுப்பு பெரிய பயமாக இருந்தது. ரத்தக் குழாய்க்கு ஆகாத கொழுப்பு அது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் இதற்கு 2021 ஜனவரியில் 3 சதவீதமும், 2022 ஜனவரியில் 2 சதவீதமும் உச்சவரம்பு வைத்துவிட்டது. முறையான கம்பெனிச் சரக்கில் அந்தப் பயம் வெகுவாகக் குறைந்திருக்கிறது. உறையே இல்லாமல் உடைத்து எடை போட்டுக் கொடுக்கும் கட்டிக்கு இந்த உத்தரவாதத்தைக் கொடுக்க முடியாது. அதை வாங்காதீர்கள்.

டிரான்ஸ் ஃபேட் குறைந்தாலும் பனைக்கொட்டை எண்ணெயில் பெரும்பகுதி நிறைவுற்ற கொழுப்புதான். அது எல்.டி.எல். கொலஸ்ட்ராலை ஏற்றும். சீனி இருக்கவே இருக்கிறது. ஒரு சின்ன அச்சுச் சாக்லேட் 10 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறந்த நாள் குஷியில் நாலு உள்ளே போனால் 40 கிராம். அதில் பாதி சீனி என்றாலும் 20 கிராம் ஆயிற்று. ஒரு நாளைக்கு வெளியிலிருந்து சேர்க்கும் சீனி சுமார் 25 கிராமுக்குள், அதாவது ஆறு டீஸ்பூனுக்குள் இருந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்னது. அது பெரியவர்கள் கணக்கு. குழந்தைக்கு இன்னும் குறைவு. இரண்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்குச் சேர்த்த சீனியே வேண்டாம் என்பது குழந்தை மருத்துவர்களின் யோசனை.

‘ஆனால் சாக்லேட் இதயத்துக்கு நல்லது என்று படித்தேனே’ என்பீர்கள். கோகோவில் உள்ள ஃபிளவனால் என்ற பொருள் ரத்தக் குழாய்களைத் தளர்த்துகிறது என்பது உண்மை. ஆனால் அமெரிக்காவில் 21 ஆயிரத்துக்கும் அதிகமானவர்களிடம் நடத்திய ‘காஸ்மாஸ்’ ஆராய்ச்சியின் முடிவு 2022-ல் வந்தது. மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தபோது நிச்சயமாகச் சொல்லும்படியான குறைவு இல்லை. அவர்களுக்குக் கொடுத்ததும் ஃபிளவனால் மாத்திரைதான், சாக்லேட் அல்ல. ஆகவே மருந்தாக நினைத்து யாரும் சாக்லேட் தின்ன வேண்டாம். ருசிக்காகத் தின்னலாம், அளவோடு!

கட்டியை விடுங்கள், தூளை எடுங்கள்

சாக்லேட் இனிப்பு செய்யக் கட்டியே தேவையில்லை என்பதுதான் நான் சொல்ல வருவது. இனிப்புச் சேர்க்காத கோகோத் தூள் ஒரு சின்ன டப்பா போதும். 1828-ல் ஹாலந்தைச் சேர்ந்த வான் ஹூட்டன் கோகோவை அழுத்திக் கொழுப்பைப் பிரிக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். அதிலிருந்து பிறந்ததுதான் இந்தத் தூள். இந்தியாவில் 1965 வாக்கில் கேட்பரி கம்பெனி கேரளத்தில் கோகோ சாகுபடியைத் தொடங்கிவைத்தது. இன்று நம் பொள்ளாச்சிப் பக்கத் தென்னந்தோப்புகளிலும் ஊடுபயிராகக் கோகோ நிற்கிறது. தென்னைக்கு நடுவில் வளரும் கோகோவுக்குத் தேங்காய்ப்பாலுடன் பொருத்தம் இருப்பதில் என்ன ஆச்சரியம்?

வாங்கும்போது பொருள் பட்டியலில் ‘கோகோ’ மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். ‘டிரிங்கிங் சாக்லேட்’ என்பது வேறு. அதில் சீனிதான் ஜாஸ்தி.

கோகோ தேங்காய்ப்பால் புட்டிங் (ஆறு பேருக்கு)

வேண்டியவை: கோகோத் தூள் 3 டேபிள்ஸ்பூன், கருப்பட்டி 80 கிராம், சைனா கிராஸ் என்னும் கடல்பாசி 5 கிராம், கெட்டித் தேங்காய்ப்பால் 150 மில்லி, காய்ச்சிய பசும்பால் 150 மில்லி, கிராம்புத் தூள் ஒரு சிட்டிகை, உப்பு ஒரு சிட்டிகை.

கருப்பட்டியை 100 மில்லி தண்ணீரில் கரைத்து வடிகட்டுங்கள். வடிகட்டாமல் விட்டால் பல்லில் மண் கடிபடும். கோகோவில் நாலு கரண்டி வெந்நீர் விட்டுக் கட்டியில்லாமல் குழைத்துக்கொள்ளுங்கள். தூளை நேராகப் பாலில் கொட்டினால் திரிதிரியாக மிதக்கும். எவ்வளவு கிண்டினாலும் போகாது. கடல்பாசியைப் பொடியாக நறுக்கி 200 மில்லி தண்ணீரில் பத்து நிமிஷம் ஊறவைத்து, பிறகு அடுப்பில் வைத்து முழுவதும் கரையும்வரை கொதிக்கவிடுங்கள். இதில் அவசரப்படக் கூடாது. ஒரு இழை கரையாமல் இருந்தாலும் புட்டிங் சரியாக உறையாது.

கரைந்ததும் தீயைக் குறைத்து, கோகோ விழுதையும் கருப்பட்டிப் பாகையும் ஊற்றிக் கலக்குங்கள். பசும்பாலையும் தேங்காய்ப்பாலையும் வெதுவெதுப்பாக்கிக் கடைசியில் சேர்த்து உடனே இறக்கிவிடுங்கள். தேங்காய்ப்பால் கொதித்தால் திரிந்துபோகும். பாலை ஜில்லென்று ஊற்றினாலோ கடல்பாசி அங்கங்கே உறைந்து திப்பி கட்டும். கிராம்புத் தூளும் உப்பும் போட்டுக் கிண்ணங்களில் ஊற்றுங்கள். கன்னியாகுமரிக் கிராம்புக்கு 2021-ல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. ஏலக்காயைவிடக் கோகோவுக்கு இதுதான் ஜோர்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கடல்பாசி 40 டிகிரிக்குக் கீழே போனாலே உறைந்துவிடும். மறுபடி உருக 85 டிகிரி வேண்டும். ஆக, ஃப்ரிட்ஜ் இல்லாமலே நம் ஊர் வெயிலில் நிற்கும் சாக்லேட் இனிப்பு இது. இதில் ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை! ஆனால் உறைந்து நிற்பது வேறு, கெடாமல் இருப்பது வேறு. பாலும் தேங்காய்ப்பாலும் சேர்ந்திருப்பதால் ஆறிய இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிடுங்கள், அல்லது ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாளுக்குள் தீர்த்துவிடுங்கள்.

‘தேங்காய்ப்பாலிலும் நிறைவுற்ற கொழுப்புதானே?’ என்று கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும். அதனால்தான் பாதிக்குப் பாதி பசும்பால். கொலஸ்ட்ரால் உள்ளவர்கள் முதல் பாலைத் தொடாமல் இரண்டாம் பாலில் செய்யட்டும். ருசி கொஞ்சம் இறங்கும், பரவாயில்லை.

“கருப்பட்டிதானே, பாட்டாவுக்கும் குடு!”

இந்த வார்த்தை நம் பக்கத்தில் அடிக்கடி காதில் விழுவது. சர்க்கரை நோய் உள்ள பாட்டாவுக்கு, சீனி போடவில்லை என்ற தைரியத்தில் இரண்டு கிண்ணம் கொடுத்துவிடுகிறோம். தயவுசெய்து வேண்டாம். கருப்பட்டியில் கொஞ்சம் தாது உப்புகளும் நல்ல மணமும் உண்டு. ஆனால் அதில் பெரும்பகுதி சுக்ரோஸ்தான். சீனியில் இருப்பதும் அதே சுக்ரோஸ்தான். ரத்தத்தில் சர்க்கரை ஏறும்போது அது பனையிலிருந்து வந்ததா, கரும்பிலிருந்து வந்ததா என்று உடம்பு விசாரிப்பதில்லை. போதாக்குறைக்குச் சந்தையில் சீனி கலந்த கருப்பட்டியும் வருகிறது. 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வுக் கணக்குப்படி இந்தியாவில் 10 கோடிக்கும் அதிகமானவர்களுக்குச் சர்க்கரை நோய். நம் வீட்டுப் பாட்டாவும் ஆச்சியும் அந்தக் கணக்கில் இருந்தால், மேலே சொன்ன புட்டிங்கில் ஒரு கிண்ணத்துக்கே சுமார் 13 கிராம் கருப்பட்டி இருப்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஆசைக்கு இரண்டு ஸ்பூன் போதும். அதுவும் அன்றைய சாப்பாட்டுக் கணக்கில் சேர்ந்ததுதான்.

குழந்தைகளுக்கு இன்னும் எளிதான ஒன்று உண்டு. நன்றாகக் கனிந்த மட்டிப்பழம் ஆறு எடுத்து மசித்து, கோகோத் தூள் இரண்டு டீஸ்பூன், புளிக்காத கெட்டித் தயிர் நாலு டேபிள்ஸ்பூன் சேர்த்து அடித்துக் குளிரவையுங்கள். சீனி, கருப்பட்டி எதுவும் வேண்டாம். பழத்தின் இனிப்பே போதும். மட்டி கிடைக்காத ஊர்க்காரர்கள் வேறு எந்தக் கனிந்த பழத்திலும் செய்யலாம், ஆனால் அந்த மணம் வராது!

முந்திரிக்கொத்திலும் கோகோ சேர்க்கலாமா என்று சிலர் கேட்பதுண்டு. பாசிப்பயறும் கருப்பட்டியும் சேர்ந்த அந்தப் பலகாரத்துக்கு ஒரு குறையும் இல்லை. பாவம், அதை விட்டுவிடுங்கள்.

கவனிக்க வேண்டியவர்கள்

இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடும் கர்ப்பிணிகள் மாத்திரையோடு சேர்த்துக் கோகோ சாப்பிடக் கூடாது. இரும்பு உடம்பில் சேர்வதை அது தடுக்கும். இரண்டு மணி நேரம் தள்ளிச் சாப்பிடலாம். சிறுநீரகக் கல் வந்தவர்கள் அளவைக் குறைக்க வேண்டும்; கோகோவில் ஆக்சலேட் அதிகம். பச்சை முட்டை அடித்துச் சேர்க்கும் ‘மூஸ்’ வகைகளைக் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கொடுக்காதீர்கள். சால்மோனெல்லா கிருமியால் வயிற்றுப்போக்கு வரலாம். வீட்டில் நாய் இருந்தால் கோகோ டப்பாவை எட்டாத இடத்தில் வையுங்கள். அதிலுள்ள தியோப்ரோமின் நாய்க்கு விஷம்.

அச்சுச் சாக்லேட் செய்து அக்கம்பக்கத்தில் விற்கும் சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் சம்பாதிப்பதை யாரும் குறை சொல்லவில்லை. வீட்டில் செய்து விற்றாலும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்வது அவசியம். காம்பவுண்டில் செய்ததென்றால் அட்டையில் ‘காம்பவுண்ட்’ என்றே எழுதுங்கள். வாங்குகிற மைனி, தன் பிள்ளைக்கு நாலு கொடுப்பதா, ஒன்று கொடுப்பதா என்று அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வாள்.