உடம்பும் ஒரு முதல்தான்!

அச்சன்புதூர் போன்ற ஊர்களில் மளிகைக் கடைக்காரர் காலையில் கடை திறந்தது முதல் இரவு கணக்கு முடிக்கும் வரை நிற்கிறார், குனிகிறார், மூட்டை இழுக்கிறார். இடுப்பு பிடித்துக்கொண்டால் கடை பூட்டுத்தான். வாடிக்கை அடுத்த கடைக்குப் போய்விடும்.

தைலம் ஒரு பக்கம் இருக்கட்டும். நாம் எப்படி நிற்கிறோம் என்று கவனித்ததுண்டா?

டாஸ்மேனியாத் தீவில் 1869-ல் பிறந்த எப்.எம். அலெக்சாண்டர் ஒரு மேடை நடிகர். அவருக்கு மேடையில் குரல் கம்மியது. கண்ணாடி முன் நின்று பேசிப் பார்த்தார். வாய் திறக்கும்போதே தலையைப் பின்னுக்கு இழுத்துக் கழுத்தை இறுக்குவது தெரிந்தது. அந்தப் பழக்கத்தை மெல்ல மெல்ல விட்டார், குரல் சரியாயிற்று. மனதில் ஓர் உருவத்தை நினைத்தால் உடல் அதற்கு இணங்கும் என்பதை அமெரிக்கப் பெண்மணி மேபல் டாட் 1937-ல் நூலாகவே எழுதினார்.

நமக்குத் தெரிந்த உருவம் தராசு. உச்சந்தலையில் கயிறு கட்டித் தொங்கவிட்டதாகவும், தோள்கள் இரண்டும் தட்டுகள் என்றும் நினையுங்கள். கழுத்து தளரும், முதுகு நிமிரும், இரு பாதங்களிலும் எடை சமமாக இறங்கும்.

மூட்டை தூக்கும்போது முழங்காலை மடக்குங்கள். மூட்டையை மார்போடு அணையுங்கள். மூச்சை அடக்காதீர்கள். திரும்ப வேண்டுமானால் இடுப்பை முறுக்காமல் பாதத்தை நகர்த்துங்கள். வலி காலுக்கு இறங்கினாலோ, கால் மரத்தாலோ உடனே மருத்துவரைப் பாருங்கள்.

சரக்கை இருப்புப் பார்க்கும் நாம், உடம்பையும் தினம் ஒருமுறை இருப்புப் பார்ப்போம்!