பையில் துளை இருக்கிறதா?

பேராக்கின் பழைய பால்மரத் தோட்டங்கள் பல இன்று செம்பனைக் காடுகள். அவற்றின் ஓரத்தில் குடியிருப்பவர்களின் நிழல்மரத்தில் சில சமயம் இலைகள் அனலில் வாட்டியதுபோல் பழுப்பாகிச் சுருளும். வெயில் என்று விட்டுவிடாமல் ஒரு கிளையை வளைத்து இலையின் அடியைப் பாருங்கள். சருகுத் துணுக்குகள் ஒட்டிய பைகள், ஒன்றரை சென்டிமீட்டருக்கும் குறைவானவை, தொங்குகின்றனவா? அதுதான் பைப்புழு. மலாய்க்காரர்கள் 'உலாட் புங்குஸ்' என்பார்கள்.

பட்டுநூலும் இலைத்துணுக்கும் கொண்டு தைத்த பையைச் சுமந்தபடியே இது மேய்கிறது. ஆண் அந்துப்பூச்சியாகிப் பறந்துவிடும். பெண்ணுக்கு இறக்கையே முளைப்பதில்லை. அந்தப் பைக்குள்ளேயே துணை சேர்ந்து, நூற்றுக்கும் மேல் முட்டையிட்டு, அங்கேயே சாகிறது. பொரித்த குஞ்சுகள் நூல்விட்டுத் தொங்கிக் காற்றோடு அடுத்த மரத்துக்குப் போகின்றன.

1950களின் கடைசியிலும் 1960களின் தொடக்கத்திலும் மலாயாவின் செம்பனைத் தோட்டங்களில் நெடுநாள் நஞ்சு தங்கும் பூச்சிமருந்துகளை நிறைய அடித்தார்கள். அதற்குப் பிறகுதான் பைப்புழு பெருவாரியாகப் பெருகியது. காரணத்தை ஆராய்ந்து சொன்னவர் பூச்சியியலாளர் பிரையன் வுட். 1968-இல் மலேசியச் செம்பனைப் பூச்சிகள் பற்றி ஒரு நூலே எழுதினார். புழுவுக்குப் பை கவசம். அதன்மேல் முட்டையிடும் சிறு குளவிகளோ இலைமேல் வெறும் காலோடு நடப்பவை. நஞ்சு முதலில் அவற்றைத்தான் கொன்றது. கண்மூடித்தனமாக மருந்தடிப்பதை நிறுத்தியதும் குளவிகள் திரும்பின, புழு அடங்கியது. எனக்கு இது மலேசிய வேளாண்மையின் மிகப் பெரிய பாடங்களில் ஒன்றாகத் தோன்றுகிறது. ஆனாலும் இன்றும் இலை வாடினால் முதலில் கை தேடுவது தெளிப்பானைத்தான்!

ஆகவே மருந்துக் கடைக்குப் போகுமுன் இருபது பைகளைப் பறித்துப் பாருங்கள். பக்கவாட்டில் குண்டூசி முனையளவு வட்டத் துளை இருந்தால், குளவிக்குஞ்சு உள்ளிருந்த புழுவைத் தின்று வெளியேறிவிட்டது என்று பொருள். கீழ்நுனியில் வெறுந்தோல் நீட்டிக்கொண்டிருந்தால் ஆண் அந்து பறந்துபோயிருக்கிறது. மற்றதைக் கத்தரியால் வெட்டிப் பார்த்தால் புழு உயிரோடிருக்கிறதா என்று தெரியும்.

துளைப்பைகள் நிறைய இருந்தால் மரத்தை அப்படியே விடுங்கள். இல்லையென்றால், கைக்கெட்டும் பைகளைப் பறித்துச் சவர்க்காரத் தண்ணீரில் போடலாம். வேலியோரம் பூச்செடி வையுங்கள். வளர்ந்த குளவிக்குத் தேன்தான் ஆகாரம், அதனால்தான் தோட்டங்களிலும் டர்னெரா என்ற பூச்செடியை நடுகிறார்கள். மரம் உயரமாக இருந்து புழுவும் மிகுந்துவிட்டால், பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற பாக்டீரியா மருந்து இருக்கிறது. புழு அதைத் தின்றால்தான் வேலை செய்யும். குஞ்சுப்புழுக்கள் மேயும் வாரங்களில் அடிக்க வேண்டும். பையை இறுக்கிக் கட்டிக் கூட்டுப்புழுவான பிறகு அடித்தால் காசுதான் வீண்.